மேற்கு ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

"ஜன்னல் எதற்காக இருக்கிறது?" என்று கேட்டால், "காற்றும் வெளிச்சமும் வருவதற்கு" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். சரியான பதில்தான். ஆனால் இவ்விரண்டோடும் மூன்றாவதாக ஒன்று, யாரும் அழையாமலேயே உள்ளே வந்து உட்கார்ந்து கொள்கிறது. அதுதான் வெப்பம். பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் புதியது மாட்ட நினைப்பவர்கள் காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிக் கொஞ்சம் யோசிக்கிறார்கள். அழகைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள். இந்த மூன்றாவது விருந்தாளியைப் பற்றி நினைப்பதே இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியில் வெப்பவியல் பாடம் நடத்துகிறவன் என்பதால் இதைச் சொல்வதற்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

மதுரையில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்து அறை என் தாயாருடையது. அதில் நான்கு அடிக்கு நான்கு அடி அளவில் இரண்டு ஜன்னல்கள். என் தந்தையார் காலத்தில் போட்டவை. ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு மரக் கதவுகள். 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் பார்த்தால், சட்டம் முழுவதையும் கரையான் தின்றிருந்தது. அலுமினிய வேலை செய்யும் ஒருவரை அழைத்துக் காட்டினேன். "இப்ப யாரு சார் மரம் போடுறாங்க? தள்ளுற ஜன்னலாப் போட்டுருவோம். கறுப்புக் கண்ணாடி போட்டா வெயிலே தெரியாது" என்றார் அவர். எனக்கும் சரியென்றே பட்டது. மூன்று நாட்களில் வேலை முடிந்தது. பார்ப்பதற்கும் நன்றாகவே இருந்தது.

அடுத்த ஏப்ரலில்தான் வினை தெரிந்தது. வெயில் தெரியவில்லை என்பது உண்மை. அறைதான் பகலிலேயே இருட்டாகிவிட்டதே! ஆனால் இரவு பத்து மணிக்கு அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டார். "முன்னெல்லாம் சாயந்தரம் கதவைத் தெறந்து விட்டா ராத்திரி நல்லாக் காத்து வரும்டா. இப்ப அடுப்படி மாதிரி இருக்கு" என்றார். ஆய்வுக்கூடத்திலிருந்து வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தேன். இரவு பத்து மணிக்கு வெளியே 30 டிகிரி, அறைக்குள் 34. எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்த நான்கு டிகிரி சிறிய விஷயமல்ல.

எங்கே தவறு நேர்ந்தது? அதைத் தேடிப் போனபோது தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஜன்னல் மாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இரண்டு வழிகள், இரண்டு எண்கள்

மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வெப்பம் இரண்டு விதமாக உள்ளே வரும். முதலாவது, வெளிக்காற்று சூடாகவும் உள்காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஏற்படுவது. கண்ணாடியின் இரு பக்கங்களுக்கும் 1 டிகிரி வேறுபாடு இருக்கும்போது, 1 சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதை 'யூ மதிப்பு' என்ற எண்ணால் குறிப்பார்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 5.7.

இரண்டாவது, சூரியக் கதிர் நேரடியாகக் கண்ணாடியை ஊடுருவி வருவது. கண்ணாடியின்மேல் விழும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு அறைக்குள் வெப்பமாகச் சேர்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்குச் சூரிய வெப்பக் கெழு என்று பெயர் வைத்துக்கொள்வோம். (கடையில் 'எஸ்.எச்.ஜி.சி.' என்று கேட்டால்தான் புரியும்.) நிறமற்ற சாதாரணக் கண்ணாடிக்கு இது சுமார் 0.85. அதாவது 100 பங்கு விழுந்தால் 85 பங்கு உள்ளே வந்துவிடும்.

இவ்விரண்டில் எது பெரிய எதிரி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்கள் இரண்டு ஜன்னல்களின் பரப்பு மொத்தம் 3 சதுர மீட்டர். கோடையில் மாலை நான்கு மணிக்கு, மேகமில்லாத நாளில், மேற்குச் சுவரின்மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் விழுகிறது எனலாம். வெளியே 38 டிகிரி, உள்ளே 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடியாக இருந்தால்,

காற்றின் வெப்பநிலை வேறுபாட்டால் வருவது: 5.7 × 3 × 8 = 137 வாட்.

சூரியக் கதிரால் வருவது: 600 × 0.85 × 3 = 1,530 வாட்.

வேறுபாட்டைக் கவனித்தீர்களா? பதினொரு மடங்கு! அம்மாவின் அறையில் மாலை நேரத்தில் 1,500 வாட் மின்சார அடுப்பு ஒன்றை எரியவிட்டது போலத்தான் இது. ஒரு டன் குளிர்சாதனப் பெட்டி வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ 3,500 வாட். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை இந்த இரண்டு ஜன்னல்களே விழுங்கிவிடும்.

இப்போது இதே ஜன்னல்களை ஐரோப்பாவின் பனிக்கால வீடு ஒன்றில் வைத்துப் பார்ப்போம். வெளியே மைனஸ் 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி. 5.7 × 3 × 30 = 513 வாட் வெப்பம் இரவும் பகலும் ஓயாமல் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு யூனிட்டுக்கும் மேல். அங்கே சூரியன் எட்டிப் பார்த்தால் வரவேற்பார்கள். ஆகவே அவர்களுக்கு முதல் எண்தான் உயிர். நமக்கோ இரண்டாவது எண். விளம்பரங்களிலும் விலைப் பட்டியல்களிலும் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் அவர்களுடைய எண்தான் என்பதே சிக்கல்.

இரட்டைக் கண்ணாடியின் கதை

"தடிமனான கண்ணாடி போட்டால் வெப்பம் வராது" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. 4 மில்லிமீட்டர் கண்ணாடிக்குப் பதிலாக 8 மில்லிமீட்டர் போட்டாலும் யூ மதிப்பு மிகச் சொற்பமே குறையும். கண்ணாடி வெப்பத்தை ஓரளவு நன்றாகவே கடத்தும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் வெப்பத்தைத் தடுப்பது கண்ணாடியே அல்ல. அதன் இரு பக்கங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அசையாத மெல்லிய காற்றுப் படலங்கள்தான். கண்ணாடியைவிடக் காற்று ஏறத்தாழ நாற்பது மடங்கு மோசமான கடத்தி. அப்படியானால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே காற்றைச் சிறைவைத்தால் என்ன? இந்த யோசனைக்கு அமெரிக்காவில் ஸ்டெட்சன் என்பவர் 1865-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார். இடைவெளி 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. அதைவிட அகலமாகிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று சுழலத் தொடங்கி, சலனத்தால் வெப்பத்தைக் கடத்திவிடும்.

இப்படிச் செய்தால் யூ மதிப்பு 5.7-இலிருந்து 2.8-க்கு, அதாவது பாதியாகக் குறைகிறது. சூரிய வெப்பக் கெழு? 0.85-இலிருந்து 0.70-க்குத்தான் இறங்குகிறது. நிறமற்ற கண்ணாடி ஒன்றுக்கு இரண்டாக இருந்தாலும் வெயிலுக்கு அது திறந்த வாசலே அல்லவா?

குளிர்சாதனம் ஓடும் அறையில் இரட்டைக் கண்ணாடியால் எவ்வளவு மிச்சம் என்றும் கணக்கிட்டேன். இரவில் வெளியே 30, உள்ளே 25 டிகிரி. எட்டு மணி நேரத்தில் நம் 3 சதுர மீட்டர் ஜன்னலில் மிச்சமாகும் வெப்பத்தை, குளிர்சாதனப் பெட்டி உண்ணும் மின்சாரமாக மாற்றினால், ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு வருகிறது. மாலையில் மூன்று மணி நேரம் ஒற்றைக் கண்ணாடி வழியே உள்ளே விழும் வெயிலை வெளியேற்ற வேண்டுமானால் அதே பெட்டிக்கு ஒன்றரை யூனிட் ஆகும். எதைத் தடுப்பது லாபம் என்பதை நீங்களே சொல்லுங்கள். சாலை இரைச்சலைக் குறைப்பதற்கு இரட்டைக் கண்ணாடி போட்டால் அது வேறு விஷயம்.

உதகையில் இருப்பவர்கள் மட்டும் நான் சொல்வதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டும். ஜனவரி இரவுகளில் புல்மேல் உறைபனி படியும் ஊர் அது. அங்கே குறைந்த யூ மதிப்பும், வெயிலைத் தாராளமாக உள்ளே விடும் கண்ணாடியுமே சரி. ஒரே மாநிலத்துக்குள்ளேயே இரண்டு விதமான விடை!

பிளாஸ்க்கும் வெள்ளிப் பூச்சும்

காப்பி வாங்கிவரும் தெர்மாஸ் பிளாஸ்க்கின் உள்ளே பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குடுவைக்கு வெள்ளி பூசியிருக்கும். சூடான பொருள் எதுவும் அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கிறது. பளபளப்பான உலோகப் பரப்போ அந்தக் கதிர்களை எளிதில் உமிழ்வதில்லை. தன்மேல் விழுபவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெறும் கண்ணாடியின் உமிழ்திறன் 0.84. வெள்ளி பூசினால் இது 0.05-க்கும் கீழே வந்துவிடும்.

ஜன்னலுக்கு இப்படி வெள்ளி பூசலாம். ஆனால் எதுவும் கண்ணுக்குத் தெரியாதே? இந்த இடத்தில்தான் ஒரு நுட்பம் இருக்கிறது. பூச்சை ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு மெல்லியதாக்கினால், கண்ணுக்குத் தெரியும் ஒளி அதன் வழியே போய்விடும். அலைநீளம் மிகுந்த அகச்சிவப்புக் கதிர் மட்டும் திரும்பிவிடும். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, வீடுகளைச் சூடாக்க ஆகும் செலவைக் குறைக்க வழி தேடிய அமெரிக்கா இந்த ஆராய்ச்சியை ஊக்குவித்தது. கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 'லோ-ஈ' என்று இன்று கடையில் சொல்லப்படும் கண்ணாடி இதுதான்.

ஆனால் 'லோ-ஈ' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தால், அதன் ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவோ, மிகச் சிறு பங்கான புற ஊதாக் கதிராகவோ இருக்கிறது. மறுபாதி, சிவப்பு நிறத்தை அடுத்துள்ள குறுகிய அலைநீள அகச்சிவப்பு. அறையின் சுவரும் மேசையும் வீசும் அகச்சிவப்பு இதைவிட அலைநீளம் மிகுந்தது. 10 மைக்ரானை ஒட்டியது. குளிர்நாட்டுக்கென்று செய்த லோ-ஈ கண்ணாடி சூரியனின் அகச்சிவப்பை உள்ளே விட்டு, அறையின் அகச்சிவப்பை வெளியே போகவிடாமல் தடுக்கும். நமக்கு அது வேண்டவே வேண்டாம்! நமக்கு வேண்டியது சூரியனின் அகச்சிவப்பையும் வாசலிலேயே திருப்பி அனுப்பும் வகை. அதில் சூரிய வெப்பக் கெழு 0.3 அளவுக்கோ அதற்கும் கீழோ இருக்கும்; வெளிச்சமோ ஓரளவு நன்றாகவே வரும். இரண்டின் பெயரும் ஒன்றே. எண்ணைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மென்மையான வெள்ளிப் பூச்சு காற்றுப் பட்டால் கெட்டுவிடும். ஆகையால் அதை இரட்டைக் கண்ணாடியின் நடுவே, உட்புறமாக வைத்துத்தான் தருவார்கள். நம் ஊருக்கு அது வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். மாட்டுகிறவர் சட்டத்தைத் திருப்பி மாட்டிவிட்டால் பூச்சு உள்கண்ணாடிக்குப் போய்விடும். உறிஞ்சிய வெப்பத்தை உங்கள் அறைக்கே தானம் செய்துவிடும். எனவே மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கறுப்புக் கண்ணாடிக்கு வருவோம். அது வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, குடித்துவிடுகிறது. குடித்த வெப்பம் எங்கே போகும்? ஒரு பங்கு வெளிக்காற்றுக்கு, மற்றொரு பங்கு அறைக்குள்ளே. சந்தேகமிருந்தால் மாலை நான்கு மணிக்கு அத்தகைய கண்ணாடியின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தோசைக்கல் என்று சொல்லமாட்டேன். ஆனால் கையை வெகுநேரம் வைத்திருக்க மனம் வராது. சாம்பல் நிறக் கண்ணாடி ஒளியில் பாதிக்குமேல் தடுத்துவிடுகிறது; வெப்பத்திலோ ஏறத்தாழ 40 சதவீதம்தான் தடுக்கிறது. பகலிலேயே விளக்கைப் போட வேண்டும், மீதி 60 சதவீத வெப்பத்தையும் தாங்க வேண்டும். எங்கள் அறைக்கு அது 1,080 வாட்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. பழைய மரக் கதவுகளை அம்மா தினமும் மதியம் இரண்டு மணிக்குச் சாத்திவிடுவார். வெயில் சாய்ந்தபின் திறப்பார். சாத்திய மரக் கதவின்மேல் விழும் வெயிலில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே வரும். அதாவது நான் பணம் கொடுத்து, 0.1 மதிப்புள்ள ஜன்னலை எடுத்துவிட்டு 0.6 மதிப்புள்ள ஜன்னலை வாங்கியிருக்கிறேன்!

வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

கண்ணாடிக்கு உள்ளே திரைச்சீலை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையில் பட்டு வெப்பமாகிவிட்ட பிறகு, அது அறையின் சொத்து. திரை வீசும் 10 மைக்ரான் கதிர்களைக் கண்ணாடி வெளியே விடாது. வெள்ளைத் துணியானால் ஒரு பகுதி ஒளியாகவே திரும்பிப் போகும், அவ்வளவுதான். அதே திரையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் அது சூடானாலும் அந்தச் சூட்டைத் தெருக்காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். மூங்கில் தட்டியும் தென்னங்கீற்றுத் தட்டியும் செய்கிற வேலை இதுதான். விலை உயர்ந்த கண்ணாடி எதுவும் இந்த வேலையில் ஒரு நல்ல தட்டியை அவ்வளவு எளிதாக வென்றுவிட முடியாது.

"எங்கள் ஜன்னலுக்குத்தான் சன்ஷேடு இருக்கிறதே" என்பவர்களுக்காக ஒரு சிறு வடிவியல் கணக்கு. இரண்டடி நீட்டிய சன்ஷேடு மேற்கு ஜன்னலில் எவ்வளவு நிழல் தரும்? மதுரையில் ஏப்ரல் மாதம் மாலை நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில் நிற்கும். நிழலின் ஆழம் 2 × டேன் 35° = 1.4 அடி. ஐந்து மணிக்கு உயரம் 20 டிகிரி. நிழல் முக்கால் அடிக்கும் குறைவு. நான்கடி ஜன்னலில் மிச்சமெல்லாம் வெயில்தான்.

தெற்கு ஜன்னலின் நிலை வேறு. மதுரையில் ஏப்ரல் 16-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் 27 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும்வரை, அது வடக்கே சாய்ந்தே செல்கிறது. ஆகவே கடுங்கோடையில் நம் ஊர்த் தெற்குச் சுவர்மேல் நேர் வெயில் படுவதே இல்லை! டிசம்பரில் தெற்கே சாயும்போதும் நண்பகல் உயரம் 57 டிகிரி இருப்பதால், அதே இரண்டடி சன்ஷேடு மூன்றடி வரை நிழல் தந்துவிடும். பணம் கொஞ்சமாக இருந்தால் அதைத் தெற்கு ஜன்னலில் செலவழிக்காதீர்கள். முதலில் மேற்கு, பிறகு கிழக்கு. கோடையில் வடக்கு ஜன்னலுக்கும் கொஞ்சம் வெயில் வரும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

திறக்காத ஜன்னல்

அமெரிக்க இயற்பியலார் ஆர். டபிள்யூ. வுட் 1909-இல் ஓர் எளிய சோதனை செய்தார். ஒரே மாதிரியான இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை இந்துப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். பெட்டிக்குள்ளிருந்து கிளம்பும் அகச்சிவப்பை இந்துப்பு வெளியே விட்டுவிடும், கண்ணாடி விடாது. அப்படியானால் கண்ணாடிப் பெட்டிதான் மிகுதியாகச் சூடாக வேண்டும் அல்லவா? வெயிலிலுள்ள அகச்சிவப்பை முன்கூட்டியே வடிகட்டிவிட்டுப் பார்த்தபோது, இரண்டுக்கும் வேறுபாடு ஒரு டிகிரிகூடத் தேறவில்லை. வெயிலில் நிறுத்திய காரும், மூடிய கண்ணாடி அறையும் கொதிப்பதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடப்பதே என்று இதிலிருந்து தெரிகிறது.

எங்கள் அறையின் இரண்டாவது நோய் இதுதான். இரண்டு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளும் ஜன்னலில், எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்த கதவானால் ஏறத்தாழ 90 சதவீதம் திறக்கும். இது எவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியுமா? 1 கனமீட்டர் காற்றை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 1,200 ஜூல் வேண்டும். இரவில் 1 சதுர மீட்டர் திறப்பின் வழியே வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில், அதாவது முகத்தில் பட்டும் படாமலும், காற்று வருகிறது. அது அறையைவிட 3 டிகிரி குளிர்ந்தது. 0.5 × 1,200 × 3 = 1,800 வாட் வெப்பத்தை அது அள்ளிக்கொண்டு போகும். அரை டன் குளிர்சாதனப் பெட்டி, மின் கட்டணம் இல்லாமல்! திறப்பைப் பாதியாக்கினால் இந்தக் கொடையும் பாதியாகிவிடும். கொசுவலை இன்னும் கொஞ்சம் குறைக்கும். அதை நம் ஊரில் தவிர்க்க முடியாது. காற்று வெளியேற எதிர்ச் சுவரில் கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய ஜன்னலின் மேல் கதவுகள் மட்டும் தனியே திறந்ததற்கும் காரணம் உண்டு. சூடான காற்று மேலேதானே நிற்கும்?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018-ஆம் ஆண்டில் குடியிருப்பு வீடுகளுக்காக 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அடங்கும் வெப்ப-ஈரப்பத மண்டலத்தில், திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. வெளியே திறக்கும் கதவுகளும் இக்கணக்கில் சேரும். தள்ளும் ஜன்னலுக்கு 50 சதவீதம், கீல் கதவுக்கு 90 சதவீதம் என்று அத்தொகுப்பே கணக்கு வைத்திருக்கிறது. முழு வீட்டுக்கான இந்த விதியை அம்மாவின் அறைக்கு மட்டும் பொருத்திப் பார்த்தேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. வேண்டியது 20 சதுர அடி. கீல் கதவானால் 28-க்கு மேல் கிடைத்திருக்கும். தள்ளும் ஜன்னலில் கிடைப்பது 16.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேக்கைவிடவும், யு.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கைவிடவும் அலுமினியம் ஆயிரம் மடங்கு வெப்பம் கடத்தும். கேட்கப் பயமாக இருந்தாலும், குளிர்சாதனம் இல்லாத வீட்டில் சட்டத்தின் வழியே வரும் வெப்பம், வெயிலோடு ஒப்பிட்டால் அற்பமே. கரையான், கடற்காற்று, கைப்பணம் இவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு மெழுகுவர்த்தி எடுத்துப் போங்கள். கைப்பேசி விளக்கும் போதும். கண்ணாடிக்கு முன்னால் சற்றுச் சாய்வாகப் பிடித்துப் பிம்பங்களை எண்ணுங்கள். ஒரு கண்ணாடிக்கு இரண்டு பரப்புகள், ஆகவே இரண்டு பிம்பங்கள். இரட்டைக் கண்ணாடியில் நான்கு. லோ-ஈ பூச்சு உள்ள பரப்பின் பிம்பம் மட்டும் மற்றவற்றிலிருந்து நிறம் மாறித் தெரியும். நான்கில் அது எத்தனையாவது என்று பார்த்தால் பூச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் விளங்கிவிடும். பிறகு யூ மதிப்பு, சூரிய வெப்பக் கெழு, ஒளி ஊடுருவும் சதவீதம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். "இது கூல் கிளாஸ் சார்" என்பது எண் அல்ல. நாள் முழுவதும் குளிர்சாதனம் ஓடும் அறை, வெளியே தட்டி கட்ட முடியாத மாடி வீடு என்றால், குறைந்த கெழுவுள்ள இரட்டைக் கண்ணாடிக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல. மற்றவர்கள் கண்ணாடிக்கு முன்பாகத் தட்டியையும் கீல் கதவையும் பற்றி யோசிக்கலாம்.

நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். இரண்டையும் மறுபடி மாற்றப் பணம் இடம் கொடுக்கவில்லை. ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு, மேலும் கீழுமாகத் தனித்தனியே திறக்கும் கீல் கதவுகள் வைத்தோம். இரண்டு ஜன்னல்களுக்கும் வெளியே, கயிற்றை இழுத்தால் சுருளும் மூங்கில் தட்டி கட்டினோம். சென்ற ஏப்ரலில் அதே வெப்பமானியில் இரவு பத்து மணிக்கு வெளியே 30, உள்ளே 31.5. அம்மா பாயோடு தம் அறைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் மாலை ஐந்து மணிக்கெல்லாம் தட்டியைச் சுருட்டிவிடுகிறார். இன்னும் ஒரு மணி நேரம் வெயில் இருக்கிறதே என்றால், "எதிர்வீட்டு அக்கா கூடப் பேச வேணாமாடா?" என்கிறார். அதற்கு என்னிடம் கெழு எதுவும் இல்லை.